திரும்பாத கழுத்து
(ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சமயம் பேச அழைத்த மேடையில் நோய் பேசுகிறேன், பொறுத்தருள்க.

நான் தோட்டப் பள்ளியில் கற்பித்த காலத்தில் ஒரு மாணவி இருந்தாள். அழைத்தால் தலையைத் திருப்ப மாட்டாள், உடம்போடு திரும்புவாள். திமிர் என்றெண்ணி வகுப்பின் முன்னிலையில் கடிந்துகொண்டேன். அவளுக்கு மூட்டுவாதம் என்பது பிறகுதான் தெரிந்தது.

அது முதியவர்களின் நோய் என்போம். பிள்ளைகளுக்கும் வரும். 16 வயதுக்குள் தொடங்கி, 6 வாரத்துக்கு மேல் மூட்டு வீங்கியிருந்தால் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்பார் 1897-லேயே இதைப் பற்றி விரிவாக எழுதினார்.

கழுத்தின் முதல் எலும்பு ஒரு வளையம். இரண்டாவது எலும்பிலிருந்து ஒரு முளை எழுந்து, திரிகையின் நடுமுளை போல அவ்வளையத்துக்குள் நிற்கிறது. முளை விலகாதபடி ஒரு நார் கட்டிக் காக்கிறது. அதன் பின்னால்தான் தண்டுவடம். வாதம் அந்த நாரைத் தளர்த்திவிட்டால், குனியும்போது முளை தண்டுவடத்தை நெருக்கக்கூடும். வலியே இல்லாமலும் இது நேரும். மருத்துவர் மேற்பார்வையில் கழுத்தைக் குனிந்தும் நிமிர்ந்தும் எடுக்கும் எக்ஸ்ரேயில் தெரியும். வேறு சிலருக்கோ எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கழுத்து இறுகிவிடும்.

ஆகவே பெற்றோரே, இத்தகைய பிள்ளையின் கழுத்தை முடிதிருத்தும் கடையில் சொடுக்க விடாதீர்கள். பாட்டி எண்ணெய் தேய்த்து இழுப்பதும் வேண்டாம். பால்குடத்தைத் தலையில் ஏற்றவும் வேண்டாம். கையில் ஏந்தி வந்தால் முருகன் ஏற்க மாட்டானா? எந்த அறுவைக்கும் முன்னால் மயக்க மருத்துவரிடம் வாதத்தைச் சொல்லிவிடுங்கள். குழாய் செலுத்த அவர் தலையைப் பின்னால் சாய்ப்பார். கை மரத்தாலோ, நடை தடுமாறினாலோ, சிறுநீர் அடங்காவிட்டாலோ அன்றைக்கே கிள்ளான் பெரிய மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

இன்று நல்ல மருந்துகள் உள்ளன. தொடக்கத்திலேயே கொடுத்தால் மூட்டு பிழைக்கும். செலாயாங் மருத்துவமனையில் பிள்ளைகளுக்கான வாதநோய்ச் சிகிச்சை உண்டு. ஆனால் தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து கோலாலம்பூரைக் கடந்து போய்வர ஒரு நாள் கூலி போய்விடும். அதனாலேயே சிகிச்சையைத் தவறவிடும் வீடுகள் உண்டு. நம் அறநிதியில் இப்பயணச் செலவுக்கென ஒரு பகுதியை ஒதுக்க வேண்டுமென்று செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். என் பங்கை இன்றே செலுத்திவிட்டேன்.

அந்த மாணவி சென்ற தைப்பூசத்தில் தன் மகளோடு வந்திருந்தாள். பெயர் சொல்லி அழைத்தேன். உடம்போடு திரும்பி, "சார்!" என்று சிரித்தாள். அன்று பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன்.