வலி குறைஞ்சது சிபிடியாலதானா?

போன மாதம் ஒரு லிஸனர் அனுப்பிய வாய்ஸ் நோட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். பெயர் வேண்டாம் என்றிருக்கிறார். பத்து வருஷமா மாதாமாதம் சுருண்டு படுக்க வைக்கிற வலி. "எல்லாருக்கும் வர்றதுதானே" என்று வீட்டில் சொல்லியே காலம் போய்விட்டது. இப்போதுதான் எண்டோமெட்ரியோசிஸ் என்று தெரிந்திருக்கிறது. அவருடைய கேள்வி ஒரே வரி: "அண்ணா, இன்ஸ்டால சிபிடி ஆயில்னு விளம்பரம் வருதே, வாங்கலாமா?"

நான் டாக்டர் இல்லை, கோட் எழுதுறவன். அதனால இதை எப்படி டெஸ்ட் பண்றாங்க என்பதைத்தான் பேசப்போறேன்.

கர்ப்பப்பையின் உள்சுவர் மாதிரியான திசு வெளியே, சினைப்பை, குடல் பக்கமெல்லாம் வளர்வதுதான் இந்த நோய். உலக சுகாதார நிறுவனக் கணக்கில் சுமார் 19 கோடி பேருக்கு இருக்கு. ஹார்மோன் மாத்திரையும் ஆபரேஷனும் பலருக்கு உதவுது. சிலருக்கு வலி திரும்ப வந்துடுது.

அப்படிப்பட்டவங்க தாங்களே ஏதாவது தேடிக்கிறாங்க. 2017-ல ஆஸ்திரேலியாவில் 484 பெண்களிடம் ஒரு ஆன்லைன் சர்வே எடுத்தாங்க. தாங்களே ஏதாவது வழியில் நோயைச் சமாளிக்கிறதாகச் சொன்னவங்கள்ல சுமார் 13 சதவீதம் பேர் அதுக்குக் கஞ்சா எடுப்பதாகச் சொன்னாங்க. எது எவ்வளவு உதவுதுன்னு மார்க் போடச் சொன்னப்போ, கஞ்சாவுக்குத்தான் அதிக மார்க்.

அப்போ வேலை செய்யுதுன்னுதானே தோணுது? கொஞ்சம் பொறுங்க. ஒரு ஆப்பை இன்னும் வச்சிருக்கிறவங்ககிட்ட மட்டும் ரேட்டிங் கேட்டா என்ன வரும்? பிடிக்காதவங்க எப்பவோ அன்இன்ஸ்டால் பண்ணியிருப்பாங்க. இன்னொன்று, கஞ்சாவில் போதை தருகிற டிஎச்சியும் இருக்கு, போதை தராத சிபிடியும் இருக்கு. பலன் எதோடதுன்னு சர்வேயால சொல்ல முடியாது.

இந்த இடத்தில் எனக்குப் பிடிச்ச ஒரு கதை. பிரிட்டனில், லேப்ராஸ்கோப்பி பண்ணியும் எண்டோமெட்ரியோசிஸோ வேறு காரணமோ தெரியாத நாள்பட்ட இடுப்பு வலிக்கு, கபபென்டின் என்ற நரம்பு வலி மாத்திரையை டாக்டர்கள் எழுதிக் கொடுத்துட்டிருந்தாங்க. எடின்பரோவின் ஆண்ட்ரூ ஹார்ன் குழு 306 பெண்களைப் பிரிச்சு, பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு அதே மாதிரி தெரிகிற மருந்தில்லாத மாத்திரை கொடுத்தாங்க. யாருக்கு எதுன்னு நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. 2020-ல ரிசல்ட் லான்செட்டில் வந்தது. ரெண்டு பக்கமும் வலி குறைஞ்சிருந்தது, சொல்லிக்கிற மாதிரி வித்தியாசமே இல்லை. மருந்து எடுத்தவங்களுக்குத் தலைசுற்றலும் தூக்கக் கலக்கமும்தான் மிச்சம்.

சிபிடிக்கும் இதே பரீட்சைதான் வேணும். அமெரிக்காவில் ஹெர்ஷி மருத்துவ மையம் வடிவமைச்ச ட்ரயலில் எல்லாருக்கும் ஒரு ஹார்மோன் மாத்திரை உண்டு. அதோட சேர்த்து ஒரு குழுவுக்கு 10 மில்லிகிராம் சிபிடி, இன்னொன்றுக்கு 20, மூணாவது குழுவுக்கு வெறும் மாத்திரை. போதை ஏறாததால, தனக்கு எது கிடைச்சதுன்னு கண்டுபிடிக்கிறது கஷ்டம். டிஎச்சியை டெஸ்ட் பண்ணினா அந்த ரகசியம் தங்காது.

எனக்கு இதில் உறுத்துறது டோஸ்தான். அரிய வகை வலிப்பு நோய்களுக்கு அமெரிக்கா 2018-ல அனுமதிச்ச சிபிடி மருந்தை, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராம்னு கொடுப்பாங்க. 50 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு 500! அதனால 20 மில்லிகிராம் தோத்துப்போனா, சிபிடியே தோத்துச்சுன்னு சொல்ல முடியாது. அதுக்குன்னு அளவை ஏத்திட்டே போகவும் முடியாது. கல்லீரலைப் பாதிக்கலாம், மற்ற மருந்துகளோட மோதலாம். கொழுப்புச் சாப்பாட்டோட எடுத்தா ரத்தத்தில் நாலு மடங்கு வரைக்கும் கூடும். காலையில் இட்லிக்கு ஒரு கணக்கு, மதியம் பிரியாணிக்கு வேற கணக்கு. (சிரிப்பு)

இப்போ அந்த இன்ஸ்டா பாட்டில். அமெரிக்காவில் ஆன்லைனில் வாங்கின 84 சிபிடி பொருட்களை லேபில் சோதிச்சு 2017-ல வெளியிட்டாங்க. லேபிளில் போட்ட அளவு சரியா இருந்தது 26-ல மட்டும். 18-ல டிஎச்சி இருந்தது.

அதனால தங்கச்சி, என் பதில்: விளம்பரத்தைப் பார்த்து வாங்காதீங்க. ஏற்கெனவே வாங்கிட்டீங்கன்னா டாக்டர்கிட்ட மறைக்காதீங்க, பாட்டிலையே எடுத்துட்டுப் போங்க. கர்ப்பம் பற்றி யோசிக்கிறீங்கன்னா அதையும் முதல்லயே சொல்லிடுங்க.