கப்பலேறும் முன்

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்தும் இப்போது பிள்ளைகள் ஒரு செமஸ்டர் மட்டும் படிக்க வெளிநாடு போகிறார்கள். விசா, காப்பீடு, பெட்டிக்குள் பருப்புப்பொடி என்று வீடே அமளிப்படும்.

கும்பகோணத்துக் கணித மேதை ராமானுஜன் கேம்பிரிட்ஜ் புறப்பட்டபோது வேறு மாதிரிக் கவலைகள். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகை தந்தது. அதில் மாதம் 60 ரூபாய் பெற்றோருக்குப் போய்ச்சேர ஏற்பாடு செய்துகொண்டார். முள்கரண்டி பிடிக்கப் பழகினார், சைவச் சாப்பாட்டை வைத்துத்தான்! கோட்டும் டையும்கூடப் பழகிவிடலாம். குடுமி? அதை எடுத்தாக வேண்டும். அம்மா பார்த்தால் தாங்கமாட்டார். அம்மாவையும் மனைவியையும் முன்கூட்டியே கும்பகோணத்துக்கு ரயிலேற்றிவிட்டார். கணக்கில் மட்டுமா கெட்டிக்காரர்! பிறகு 1914 மார்ச் 17 அன்று சென்னையில் ‘நெவாசா’ கப்பலேறினார். கேம்பிரிட்ஜிலும் சமையல் அவர் கையால்தான். புளி ஊரிலிருந்து போயிற்று.