மூன்று நாவல்களும் நம்ம ஷிப்டும்

(காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டைத் தொழிலாளர்கள் மத்தியில் நமது தோழர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஷிப்டு முடிச்சு நேரா இங்க வந்திருக்கீங்க. அதனால் நீட்டி முழக்கப் போவதில்லை. அண்மையில் மூன்று நாவல்கள் படித்தேன். மூன்றும் தொழிலாளிகளைப் பற்றியவை. பிடித்ததையும் பிடிக்காததையும் சொல்றேன். அது நமக்கு எதுக்குன்னும் சொல்லிடறேன்.

முதலாவது, ‘எரியும் பனிக்காடு’. வால்பாறைப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச்.டேனியல் ஆங்கிலத்தில் எழுதி, 1969இல் வெளிவந்த ‘ரெட் டீ’ நாவலின் தமிழாக்கம். தமிழில் தந்தவர் இரா.முருகவேள். பாலாவின் ‘பரதேசி’ படத்துக்கு அடிப்படை இதுதான். படம் பார்த்தவங்களும் இதைப் படிக்கணும்.

நெல்லைச் சீமையில் பிழைக்க வழியில்லாத கருப்பனும் வள்ளியும், மேஸ்திரி கொடுக்கும் முன்பணத்தை நம்பி மலையேறுகிறார்கள். பனி, அட்டைக்கடி, காய்ச்சல். கணக்கு முடிக்கும் நாளில் கூலி மிஞ்சாது, கடன்தான் மிஞ்சும். கடன் தீராமல் கீழே இறங்கவும் முடியாது. எழுதியவர் டாக்டர். நோயை மட்டும் பார்க்காமல், நோயைக் கொண்டுவந்தது எதுன்னும் பார்த்திருக்கிறார். அதுதான் எனக்குப் பிடித்தது. ஒரு குறையும் உண்டு. துயரத்தின் மேல் துயரமாக அடுக்குகிறது. எதிர்த்து நிற்கும் குரல் போதவில்லை. படித்து முடித்தால் நெஞ்சு கனக்குது, ஆனா கை உயர மாட்டேங்குது.

அந்தக் குறையைத் தீர்ப்பது இரண்டாவது புத்தகம், டி.செல்வராஜ் எழுதிய ‘தோல்’. 2012ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருது பெற்றது. திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலாளர்களின் கதை. செல்வராஜ் அங்கேயே வழக்கறிஞராக இருந்தவர். சாதியும் கடனும் சேர்ந்து ஒரு மனுஷனை எப்படிக் கட்டிப் போடுதுன்னு காட்டுகிறார். அதோடு நிற்கவில்லை. பயந்து கிடந்தவர்கள் ஒவ்வொருவராகச் சங்கத்துக்கு வருவதையும் காட்டுகிறார். ஒரே நாளில் யாரும் வீரர் ஆவதில்லை. இந்த உண்மையை மேடையில் நாங்களே பல நேரம் சொல்வதில்லை, செல்வராஜ் சொல்கிறார். பெரிய புத்தகம், பாத்திரங்கள் ஏராளம். ஒரு தாளில் பெயர்களை எழுதி வெச்சுக்கிட்டுப் படிங்க.

மூன்றாவது, ராஜம் கிருஷ்ணன் எழுதிய ‘கரிப்பு மணிகள்’. 1979இல் வந்தது. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்கள்தான் கதை. வெயிலும் உப்பும் கண்ணையும் காலையும் தின்கின்றன. பெண்களுக்கு அதோடு மேலாள் தொல்லையும் சேர்கிறது. நம்ம கூட்டங்களில் கூலி பற்றிப் பேசுறோம், வேலை நேரம் பற்றிப் பேசுறோம். பெண் தொழிலாளிக்குக் கழிப்பறை, பாதுகாப்பு என்று வந்தால் கடைசி ஐந்து நிமிடம்தான். இந்த நாவலைப் படித்தால் அந்த வரிசையையே மாற்றத் தோணும். அதனாலேயே, மூன்றில் ஒன்றைத்தான் படிக்க நேரம் இருக்கு என்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

“எல்லாம் பழைய கதைதானே தோழர்?”னு நீங்க கேட்கலாம்.

கருப்பனும் வள்ளியும் பட்ட பாட்டுக்குப் பிறகுதான் 1951இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. தொழிற்சாலைகளுக்கு 1948லேயே சட்டம் வந்தது. இவற்றை யாரும் சும்மா தூக்கிக் கொடுக்கவில்லை. இன்று அந்த இரண்டும் உட்பட 29 சட்டங்களை நான்கு தொகுப்புகளாகச் சுருக்கி, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது ஒன்றிய அரசு. முன்பு மின்சாரத்தில் இயங்கும் இடத்தில் 10 பேர் வேலை செய்தால் அது தொழிற்சாலை. இப்போது 20 பேர் வேண்டும். காக்களூரில் இருப்பவர்களுக்கு இதை விளக்கணுமா? சின்னச் சின்ன யூனிட்டுகள் நிறைந்த பேட்டை இது. 12 பேர், 15 பேர் வேலை செய்யும் பட்டறை என்ன ஆகும், நீங்களே யோசிங்க. சட்டம் இல்லாத காலத்தில் வாழ்க்கை எப்படி இருந்ததுன்னு தெரியணுமா? இந்தப் புத்தகங்களைத் திறங்க.

பக்கத்து மெஷினில் நிற்கும் ஒடிசா தம்பி, பீகார் தம்பி எப்படி வந்தார்னு கேட்டுப் பாருங்க. யார் கூட்டி வந்தது, முன்பணம் எவ்வளவு, எதில் பிடிக்கிறாங்கன்னு கேளுங்க. கருப்பனை மலையேற்றிய மேஸ்திரி உங்களுக்குக் கண்ணில் தெரிவார்.

எதிர்த்தால் நடக்குமா? நடந்திருக்கு. 2023 ஏப்ரல் 21 அன்று, 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எல்லாம் எழுந்தன. மூன்றே நாளில் அது நிறுத்தி வைக்கப்பட்டது, மே தினத்தில் திரும்பப் பெறப்பட்டதாக அறிவிப்பு வந்தது.

படிக்க நேரமில்லை என்பீர்கள். நியாயம்தான். கேரளத்தில் கண்ணூர்ப் பக்கம் பீடித் தொழிலாளர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒருவர் உரக்க வாசிப்பார், மற்றவர்கள் பீடி சுற்றிக்கொண்டே கேட்பார்கள். வாசிப்பவரின் பங்குப் பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுத்துவிடுவார்கள். மெஷின் சத்தத்தில் நம்மால் அது முடியாது. ஆனா ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேர் கூடி ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்கலாமே! திருவள்ளூரில் மாவட்ட மைய நூலகம் இருக்கு. உறுப்பினராகுங்கள். புத்தகம் இல்லைன்னா கேளுங்க, கேட்பதும் உரிமைதான்.

அடுத்த முறை நான் பேச வரல, கேட்க வரேன். நீங்க படிச்சதைச் சொல்லுங்க.



#வாசிப்போம் #காக்களூர் #எட்டுமணிநேரம்