நோயறிதலில் தாமதம்: சட்டம் கேட்க வேண்டிய கேள்வி



மருத்துவத்தையும் சட்டத்தையும் ஓர் அவையில் அமர்த்தும்போது பேச்சு பெரும்பாலும் அறுவைச் சிகிச்சைப் பிழைகளை நோக்கியே போகும். வயிற்றில் விட்டுவிட்ட பஞ்சும் மாறிப்போன ரத்த வகையும் கண்ணுக்குத் தெரிபவை, நிரூபிக்க எளியவை. இந்தக் கருத்தரங்கு எடுத்துக்கொண்ட பொருள் கடினமானது. கடுமையான நோய் ஒன்று காலத்தில் கண்டறியப்படாமல் போகிறது. செய்த தவறு என்று சுட்டிக்காட்ட அங்கே எதுவும் இராது. செய்யாமல் விட்டதைத்தான் தேட வேண்டும். பெரும்பாலானோர் வாழ்நாளில் ஒருமுறையேனும் நோயறிதல் பிழைக்கு உள்ளாவார்கள் என்று அமெரிக்கத் தேசிய அகாதமிகளின் 2015ஆம் ஆண்டு அறிக்கை கூறியது. உலக சுகாதார நிறுவனமும் 2024இல் நோயாளி பாதுகாப்பு நாளின் கருப்பொருளாக நோயறிதலையே தேர்ந்தெடுத்தது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்தகைய வழக்குகளில் மருத்துவர் நோயைச் சரியாகக் கண்டுபிடித்தாரா என்ற கேள்வியை முன்னே வைப்பதால்தான் நாம் தடுமாறுகிறோம். ஐயம் எழ வேண்டிய இடத்தில் அடுத்த அடி எடுக்கப்பட்டதா, அது எழுதப்பட்டதா, நோயாளியிடம் சொல்லப்பட்டதா என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

இதற்கு வலுவான சான்று சென்னையிலேயே இருக்கிறது. 1996 ஆகஸ்டு இறுதியில் எழும்பூர் அரசு மருத்துவமனையில் 29ஆவது வாரத்திலேயே ஒரு பெண் குழந்தை பிறந்தது. எடை 1,250 கிராம். இன்குபேட்டரில் வைத்து, ஆக்சிஜன் கொடுத்துக் காப்பாற்றினார்கள். அவ்வளவு முன்னதாகப் பிறக்கும் குழந்தைக்கு விழித்திரையின் ரத்தக் குழாய்கள் முழுமையாக வளர்ந்திருக்காது. பிறந்த சில வாரங்களில் அவை தாறுமாறாக வளர்ந்து விழித்திரையையே பிய்த்துவிடக்கூடும். முதல் சில வாரங்களுக்குள் கண் மருத்துவர் பார்த்தால் போதும். உரிய நேரத்தில் சிகிச்சை செய்து பெரும்பாலும் பார்வையைக் காத்துவிடலாம். அந்த அவகாசம் கடந்துவிட்டால் எந்தச் சிகிச்சையும் பெரிதாக உதவாது. செப்டம்பர் 23 அன்று குழந்தையை வீட்டுக்கு அனுப்பினார்கள். கண்ணைச் சோதிக்க வேண்டும் என்ற சொல் டிஸ்சார்ஜ் சம்மரியில் இல்லை. பெற்றோரிடமும் யாரும் சொல்லவில்லை. மாதங்கள் கழித்து வேறொரு மருத்துவர் ஐயப்பட்டபோது பார்வை போய்விட்டிருந்தது. அமெரிக்கா வரை கொண்டுபோயும் திரும்பவில்லை. தேசிய நுகர்வோர் ஆணையம் 5 லட்சம் ரூபாய் வழங்கியது. 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சமாக உயர்த்தியது. தீர்ப்பு வந்தபோது அந்தக் குழந்தைக்குப் பதினெட்டு வயது நிறைந்திருந்தது.

இந்த வழக்கில் அறிவுக்குறை எங்கே இருந்தது? அந்த நோய் எழும்பூரில் யாரும் அறியாததன்று. உயிரைக் காத்த திறமையும் குறைவானதன்று. ஒரு வரி எழுதப்படவில்லை. ஒரு தேதி குறிக்கப்படவில்லை. அதனால்தான் மருத்துவத் திறமையை அளக்கும் கோல் இங்கே பயன்படாது என்கிறேன்.

ஐதராபாத்திலிருந்து வந்து 2010இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கும் இதையே காட்டுகிறது. குளிர்காய்ச்சலோடு சேர்ந்த பெண்ணுக்கு டைபாய்டு என்று மருந்து கொடுத்தார்கள். டைபாய்டுக்கான விடால் பரிசோதனையில் அந்த நோய் இல்லை என்று வந்தது. இருந்தது மலேரியா. அதற்குச் சிகிச்சை தரவில்லை என்று முதலில் பார்த்த மருத்துவமனையின் மருத்துவரே சாட்சியத்தில் ஒப்புக்கொண்டார். அந்தப் பெண் இறந்துபோனார். ஒவ்வொரு வழக்கிலும் நிபுணர் கருத்து தேவையில்லை என்று நீதிமன்றம் சொன்னது இந்த இடத்தில்தான். முதலில் டைபாய்டு என்று நினைத்தது மன்னிக்கத்தக்க பிழையாகவே இருக்கலாம். நினைத்தது தவறென்று பரிசோதனை சொன்ன பிறகும் வேறொன்றை நினைக்காமல் இருந்ததுதான் கவனக்குறைவு.

எதிர்வாதங்கள் வலுவானவை, அவற்றை மதிக்கிறேன். முடிவு தெரிந்த பிறகு எல்லாம் தெளிவாகத் தோன்றும், தலைவலியோடு வருகிற ஆயிரம் பேரில் ஒருவருக்கே மூளைக் கட்டி இருக்கும், அந்த ஒருவரைத் தவறவிட்டதற்காக மருத்துவரைக் கூண்டில் ஏற்றலாமா என்று கேட்கிறார்கள். ஏற்றக் கூடாது. இங்கிலாந்தின் 1957ஆம் ஆண்டு போலம் தீர்ப்பும், அதைத் தழுவி 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இந்த நியாயத்தைக் காக்கின்றன: கணிப்பில் நேரும் பிழை அலட்சியம் ஆகாது. நான் முன்வைக்கும் கேள்வி மருத்துவருக்கு இன்னும் பாதுகாப்பானது. அன்று கையில் இருந்த ரிப்போர்ட்டைக் கொண்டே அவரை அது எடைபோடுகிறது. தலைவலி மாறாவிட்டால் இரண்டு வாரத்தில் வாருங்கள் என்று ஓ.பி. சீட்டில் எழுதியவர், பிறகு கட்டி வெளிப்பட்டாலும் தலைநிமிர்ந்து நிற்கலாம்.

வழக்குக்குப் பயந்தால் எல்லாருக்கும் ஸ்கேன் எழுதுவார்கள், செலவு ஏழையின் தலையில் விழும் என்பது அடுத்த அச்சம். அது உண்மையான அச்சம். ஆனால் இங்கே யாரும் கூடுதல் ஸ்கேன் கேட்கவில்லை. ஏன் இப்போது தேவையில்லை என்ற காரணத்தை எழுதினாலும் கடமை நிறைவேறிவிடுகிறது.

அரசு மருத்துவமனையின் நெரிசலைச் சொல்பவர்களோடு எனக்கு முழு உடன்பாடு. ஒரு காலைப்பொழுதில் கணக்கற்ற நோயாளிகளைப் பார்க்கும் பணி மருத்துவர் ஒருவரையே குற்றவாளியாக்குவது அநீதி. எழும்பூர் வழக்கில் மாநில அரசே இழப்பீட்டின் பெரும்பங்கைச் சுமந்தது. அதுவே சரியான திசை. வெளிவந்த ரிப்போர்ட்டை யாரும் பார்க்காமல் கிடக்கவிடாத ஏற்பாட்டைச் செய்வது நிறுவனத்தின் வேலை.

கடைசி எதிர்வாதமே மிகக் கடினமானது: முன்பே கண்டறிந்திருந்தாலும் நோயாளி பிழைத்திருப்பாரா? இங்கிலாந்தில் கிரெக் எதிர் ஸ்காட் வழக்கில், அக்குளில் இருந்த கட்டியைச் சாதாரணக் கொழுப்புக் கட்டி என்று மருத்துவர் அனுப்பிவிட்டார். அது நிணநீர்ப் புற்று. ஒன்பது மாதத் தாமதத்தில் பத்தாண்டு உயிர்வாழும் வாய்ப்பு 42 விழுக்காட்டிலிருந்து 25 ஆகக் குறைந்தது. முதலிலேயே பாதிக்கும் குறைவாக இருந்ததால், தாமதமே கேட்டுக்குக் காரணம் என்று கொள்ள முடியாதென 2005இல் பிரபுக்கள் சபை மூன்றுக்கு இரண்டு என்று நோயாளிக்கு எதிராகத் தீர்த்தது. சிறுபான்மை நீதிபதிகள் பக்கமே நியாயம் இருந்ததாகக் கருதுகிறேன். பெரும்பான்மைத் தர்க்கத்தை ஏற்றால், நோய் முற்றியவரிடம் எவ்வளவு அலட்சியம் காட்டினாலும் சட்டம் கேட்காது. நம் நாட்டில் புற்றுநோயாளிகளில் பெரும்பாலோர் முற்றிய பிறகே மருத்துவமனைக்கு வருகிறார்கள். இழந்த வாய்ப்பை அதன் அளவுக்கேற்ப ஈடுசெய்யும் வழியை நம் நீதிமன்றங்கள் திறக்க வேண்டும்.

ஏட்டுச் சட்டம் ஓரளவு நம் பக்கம் இருக்கிறது. 1995இல் வி.பி. சாந்தா வழக்கு மருத்துவச் சேவையை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. உள்நோயாளியின் ஆவணங்களை மூன்றாண்டு காக்கவும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவும் 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. ஆனால் அந்த ஆவணத்தில் என்ன இருக்கிறது? நம் மருத்துவமனைகளின் டிஸ்சார்ஜ் சம்மரி பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது; எடுத்துப்போகும் தாய்க்கு அது புரிவதில்லை. அடுத்து எந்தச் சோதனை, எந்தத் தேதிக்குள், தவறினால் என்ன ஆபத்து என்று தமிழில் மூன்று வரி இருந்திருந்தால் எழும்பூர்க் குழந்தையின் பெற்றோர் அன்றே கண் மருத்துவரிடம் ஓடியிருப்பார்கள்.

இங்கே கூடியிருக்கும் மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் அந்த மூன்று வரிக்கான வாசகத்தைச் சேர்ந்து எழுதி, கருத்தரங்கு முடியும் முன் தீர்மானமாக நிறைவேற்றி, மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு அனுப்பிவைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.