மார்பை இழக்காமலே உயிரைக் காக்கலாம்
(அத்திப்பட்டில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வெளியே சொல்ல வெட்கப்படும் விஷயம் ஒன்றை இன்று பகிரங்கமாகப் பேசப்போகிறேன். அது மார்பகப் புற்றுநோய்.

“கட்டி என்று ஆஸ்பத்திரிக்குப் போனால் மார்பையே எடுத்துவிடுவார்கள்” என்று நம் பெண்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் காரணமில்லாமல் வந்ததல்ல. 1890-களில் அமெரிக்க டாக்டர் ஹால்ஸ்டெட் வகுத்த முறையில் மார்பு, அதன் அடித்தசை, அக்குள் நெறிக்கட்டிகள் எல்லாவற்றையும் எடுத்தார்கள். பலருக்குக் கை வீங்கியது. பழையபடி வேலை செய்ய முடியவில்லை.

இவ்வளவு வெட்டுவது அவசியந்தானா? இத்தாலியில் டாக்டர் வெரோனேசியும், அமெரிக்காவில் டாக்டர் ஃபிஷரும் 1970-களில் சோதித்துப் பார்த்தார்கள். சிலருக்கு முழு மார்பும் எடுக்கப்பட்டது. சிலருக்குக் கட்டியும் அதைச் சுற்றிய பகுதியும் மட்டும் எடுத்து, கதிர்வீச்சு கொடுக்கப்பட்டது. 20 ஆண்டுகள் கவனித்து, 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். உயிர் பிழைத்தோர் கணக்கில் இரு சாராருக்கும் வித்தியாசமில்லை!

ஆனால் கட்டி சிறிதாக இருக்கும்போதே வரவேண்டும். ஆரம்பத்தில் பெரும்பாலும் வலி இருக்காது. வலிக்கட்டும் என்று காத்திராதீர்கள். கட்டி, தோலில் குழி, காம்பு உள்ளிழுத்தல், இரத்தக் கசிவு, இவற்றில் எது தெரிந்தாலும் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

அடுத்தது கதிர்வீச்சு. அடையாறில் 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆனால் இங்கிருந்து ரயிலேறி, பஸ் பிடித்து வாரக்கணக்கில் தினமும் போய்வந்தால் கூலி என்னாவது? “மொத்தமாக எடுத்துவிடுங்கள், டாக்டரய்யா” என்று ஒரு தாய் சொன்னால், அவளைச் சொல்ல வைப்பது வறுமையே. ஆரம்ப நிலையில் உள்ளவர்களுக்கு ஒரே வாரத்தில் 5 தடவை கொடுத்தாலும் மூன்று வாரச் சிகிச்சைக்கு ஈடாகும் என்று 2020-ல் பிரிட்டிஷ் ஆராய்ச்சி காட்டியிருக்கிறது. உங்களுக்கு அது பொருந்துமா என்று டாக்டரைக் கேளுங்கள்.

ஆலைத் தோழர்களே! இ.எஸ்.ஐ. திட்டத்தில் புற்றுநோய்க்கு நீண்டகால நோய்ப் பலன் உண்டு. நிபந்தனைகள் பூர்த்தியானால் கூலியில் 80 சதவிகிதம் கிடைக்கும். கான்ட்ராக்ட் தொழிலாளியானாலும் உங்கள் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று இன்றே விசாரியுங்கள்.

நாற்று நடும் தாய்க்கு இந்தப் பலன் கிடையாது. சிகிச்சை நாட்களுக்கு அவளுக்கும் கூலி வேண்டும் என்பதை ஆலைத் தொழிலாளியும் தன் கோரிக்கையாக எழுப்ப வேண்டும். இன்றிரவு வீட்டுக்குப் போனதும் இந்த விஷயத்தை உங்கள் பெண்களிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள்!