ஆவாரம்பூவும் கத்தரிக் காய்ப்பும்

மலையடிவாரத்திலும் வரப்பிலும் வளரும் ஆவாரையை வெறும் புதர் என்று வெட்டி எரிப்பதுண்டு. சற்றுப் பொறுங்கள்.

ஆவாரம்பூவில் தேன் கிடையாது; மகரந்தம் மட்டுமே. அதுவும் பைக்குள் அடைபட்டிருக்கும். வெளிவர நுனியிலுள்ள சிறு துளைதான் வழி. மரம் துளைக்கும் கருவண்டு பூவைக் கட்டிப் பிடித்து, ரீங்காரமிட்டு உலுக்கினால் தூள் கொட்டும். வண்டு என்கிறோமே தவிர, அது தேனீ இனந்தான்.

கத்தரிப்பூவின் அமைப்பும் இதேதான்! பெட்டித் தேனீக்கு இந்த உலுக்கும் வித்தை வராது. கத்தரி தன் மகரந்தத்திலேயே காய்க்கும் என்றாலும், கருவண்டு வந்துபோனால் காய்ப்பிடிப்பு கூடும். கத்தரி பூக்காத நாளில் வண்டுக்குச் சோறு போடுவது ஆவாரையும், தேன் தரும் எருக்கும். அது கூடு வைப்பது பட்ட மரத்திலும் காய்ந்த மூங்கிலிலும்.

வரப்போரம் நாலு ஆவாரையை விட்டுவையுங்கள். கத்தரி பூத்திருக்கையில் மருந்தடிக்க நேர்ந்தால், மாலையில் வண்டு அடங்கியபின் அடியுங்கள்.