ஏடு காத்தால் ஏரி காக்கலாம்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஏரி, குளம், கோயில் நிலம் காக்கப் பாடுபடும் குழுக்கள் பல உண்டு. தூர் வாருவார்கள், கரையில் மரம் நடுவார்கள். ஆனால் கோர்ட்டில், "எல்லைக்கு ஆதாரம் எங்கே?" என்று கேட்டால்தான் திண்டாட்டம். "பழைய செயலாளர் வீட்டு பீரோவுல இருக்குங்க" என்பார்கள். நிலம் பத்திரமாக இருப்பதாக நினைப்போம், பத்திரம் இருக்காது!

இதற்கு வழிகாட்டி காவிரிக்கு அக்கரையிலேயே இருக்கிறது. ஸ்ரீரங்கம் கோயிலில் 600-க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள். நில தானங்களை ஊரறியச் சுவரில் வெட்டினார்கள். ராத்திரியோடு ராத்திரியாக யாரும் திருத்த முடியாது. கோயிலொழுகு என்ற நூலிலும் கோயில் வரலாற்றோடு கொடைகளைக் குறித்து வந்தார்கள். 1982-இல் தொல்லியல் துறை அக்கல்வெட்டுகளைத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் 24-ஆம் தொகுதியாக அச்சிட்டது. கல், ஏடு, அச்சு என்று மூன்று காவல்!

1959-ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டமும் சொத்துப் பதிவேடு வை, வருடந்தோறும் சரிபார் என்றே சொல்கிறது. ஏன் வருடந்தோறும்? 1979-இல் தொடங்கிய நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போது, கோயில் நிலங்கள் தனியார் பெயரில் பதிவான நேர்வுகள் உண்டு. அதை மீட்க, அதற்கு முந்தைய பதிவேட்டு நகல் கையில் வேண்டும்.

இன்று பட்டாவும் 'அ' பதிவேட்டு விவரமும் அரசு இணையதளத்திலேயே கிடைக்கின்றன. ஆனால் அது காட்டுவது இன்றைய பதிவை. வழக்கில் நிற்பதோ நேற்றைய பதிவு! ஆகவே குழுக்கள் செய்ய வேண்டியது இதுதான்: வருடம் ஒருமுறை 'அ' பதிவேடு, புலப்படம், வில்லங்கச் சான்று மூன்றுக்கும் முத்திரையிட்ட நகல் வாங்குங்கள். தேதி போட்டு ஸ்கேன் செய்து, இரண்டு ஊர்களில் வையுங்கள். 1977 வெள்ளத்தைப் பார்த்த திருச்சியில் கீழ்த்தட்டில் காகிதம் வைக்கலாமா? ஒவ்வொரு ஸ்கேன் கோப்புக்கும் கம்ப்யூட்டர் ஒரு 'ஹேஷ்' எண் தரும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும். அதைக் கூட்டத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திடுங்கள். பிறகு யாரும் சத்தமில்லாமல் திருத்த முடியாது. அதுவே நம் காலத்துக் கல்வெட்டு. அப்படியே எல்லைக் கல்லையும் நேரில் போய்ப் பார்த்து வாருங்கள்.

என் வேண்டுகோள் ஒன்றுதான். ஒவ்வொரு பேட்சும் ஓர் ஏரியின் ஆவணக் கோப்பை ஏற்கட்டும். ஒரு பிரதி நம் கல்லூரி நூலகத்தில் இருக்கட்டும். செயலாளர்கள் மாறுவார்கள், பீரோக்கள் மாறும். நூலகம் இங்கேயேதான் இருக்கும்.